மனை புகுந்த வேட்டைநாய்

வேட்டைநாய்கள் இருதிறத்தன. இரையைக் கண்ணாற் கண்டு, காற்றினும் கடிது பாய்ந்து பற்றுவன ஒருதிறம். இரை கண்ணுக்குத் தோன்றாவிடினும், அது நடந்துபோன நிலத்தில் விட்டுச்சென்ற நாற்றத்தை மூக்கால் அறிந்து, அடிமேல் அடியாகப் பின்பற்றிச் செல்வன மற்றொரு திறம். நம் தென்பாண்டி நாட்டிலே பேர்பெற்ற சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் முன்னைய திறத்தைச் சார்ந்தவை. ஒட்டிய வயிறும், நீண்ட கால்களும், கூரிய முகமும் ஓட்டத்திற்கென்றே அவற்றிற்கு அமைந்தன. பின்னைய திறத்து நாய்களை நம்மவர் அத்துணை அறியார். ஆங்கிலேயர் உதகமண்டலத்தில் வேட்டைக் கழகம் ஒன்று நிறுவி, குள்ளநரிகளைத் துரத்துதற்கு ஃபாக்ஸ்ஹவுண்டு என்னும் மோப்ப நாய்களைக் கூட்டமாக வைத்து வளர்த்தனர். அவற்றையும் நீலகிரிவாசிகளன்றிப் பிறர் கண்டது அரிது.

இப்பாகுபாடு மிகப் பழமையானது. கிரேக்க அறிஞர் செனபோன் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே வேட்டையைக் குறித்து ஒரு நூல் இயற்றி, அதில் முயலை மோப்பத்தால் தொடரும் நாய்களின் இயல்பை விரித்துரைத்தார். அவருக்குப் பன்னூறு ஆண்டு பிற்பட்ட அர்ரியன் என்பார், கெல்ட்டியர் வளர்த்த விரைநாய்களைச் செனபோன் அறிந்திலர் என்று கூறி, அக்குறையை நிரப்பத் தாமும் ஒரு நூல் செய்தார். ஆகவே, கண்ணை நம்பும் நாய் ஒரு சாதி, மூக்கை நம்பும் நாய் வேறொரு சாதி என்பதை ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளாக உலகம் அறியும். இவ்வளவு பழைய செய்தியை மறந்துவிட்டு, மூக்கை நம்பும் நாயை வீட்டிற்குக் கொண்டுவந்து, அது ஏன் நம் சொல்லை நம்பவில்லை என்று வியப்பவர் இக்காலத்தில் பலராயினர். அன்னவர்பொருட்டே இக்கட்டுரை எழுந்தது. மோப்ப நாய்கள் பலவற்றுள் பீகிள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். வீட்டுநாயாக மிகுதியும் வளர்க்கப்படுவது அதுவே.

பீகிள் இங்கிலாந்து தேசத்திற்குரியது. உயரம் 33 முதல் 40 சென்டிமீட்டர். நிறை ஏறக்குறைய 10 கிலோ. வெண்மை, கருமை, செம்மண் நிறம் மூன்றும் கலந்த மேனி, தொங்கும் செவி, இரங்கத்தக்க பார்வையுடைய பெரிய பழுப்புக் கண்கள், நுனியில் வெண்மை பெற்று நிமிர்ந்து நிற்கும் வால். எஸ்ஸெக்ஸ் நாட்டில் ஹனிவுட் என்னும் பாதிரியார் 1830-ஆம் ஆண்டை அடுத்து வளர்த்த கூட்டத்திலிருந்தே இக்காலத்துப் பீகிள் வளர்ந்து வந்தது என்பர். 1890-இல் அந்நாட்டில் பீகிளுக்கென்றே தனிச் சங்கம் ஏற்பட்டது. சார்லஸ் டார்வின் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிவந்த கப்பலுக்கும் இந்நாயின் பெயரே இடப்பட்டிருந்ததெனின், அப்பெயர் ஆங்கிலேயர்க்கு எத்துணைப் பழகியது என்பது விளங்கும்.

இந்நாயின் தொழில் முயல்வேட்டை. நரிவேட்டைக்குக் குதிரையேறிச் செல்வதுபோலன்றி, பீகிள்களின் பின் வேட்டைக்காரர் கால்நடையாகவே செல்வர். முயல் பீகிளினும் மிக விரைந்தோடும். ஆயினும் நேரே ஓடித் தொலைந்துபோகாது, தன் மேய்ச்சல் நிலத்தைப் பெருவட்டமாகச் சுற்றிவரும் இயல்பினது. பீகிளோ விரைவில் தோற்பினும் விடாமுயற்சியில் தோற்பதில்லை. காலை தொடங்கி மாலைவரை ஒரே நாற்றத்தைப் பற்றிக்கொண்டு, புதரும் வேலியும் உழுத நிலமும் கடந்து அது செல்லும். பத்து இருபது நாய்கள் சேர்ந்து செல்வதே வழக்கம். அவற்றை எண்ணும்போதும் ஒன்று, இரண்டு என்று எண்ணாது, சோடி சோடியாகவே எண்ணுவர். தனிநாய் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. இச்சிறு செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

வேட்டையாடும் அந்நாய்களுக்கு மேலும் இரு குணங்கள் வேண்டியிருந்தன. வேட்டைக்காரன் அரைமைல் பின்னே மூச்சிரைக்க வந்துகொண்டிருப்பான். அவன் ஏவலை எதிர்பார்த்து நின்றால் முயல் போய்விடும். ஆதலின் மனிதனைத் திரும்பிப் பாராது தானே துணிந்து செல்லும் நாயே சிறந்த நாய் எனப்பட்டது. அன்றியும், புதர்களினூடே கண்ணுக்கு மறைந்து செல்லும் கூட்டம் எங்கே போகின்றது என்பதைப் பின்வருவோர் அறியவேண்டும்; ஆதலின் நெடுந்தூரம் கேட்கும் குரல் வேண்டப்பட்டது. இவ்விரண்டையும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவர் மனிதரே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களைக் கொண்டு காட்டுவிலங்குகளை வேட்டையாடுதல் 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி 18 முதல் சட்டத்தால் விலக்கப்பட்டது. வேட்டை போயிற்று, வேட்டைக்கென்று வளர்த்த குணம் போகவில்லை. அது பீகிளின் குருதியோடு வீட்டுக்குள் வந்து, மெத்தைமேல் படுத்துக்கொண்டிருக்கின்றது.

இனி, இந்நாயின் மூக்கைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம். இதனை உணராதார்க்குப் பிற செய்திகள் விளங்கா. மனிதனுடைய மூக்கில் மணமறியும் நுண்ணணுக்கள் 50 அல்லது 60 இலட்சம் என்றும், பீகிளின் மூக்கில் அவை 20 கோடிக்கு மேற்பட்டன என்றும் கணக்கிட்டுக் கூறுவர். எண்ணிக்கை மாத்திரம் அன்று; அமைப்பும் வேறு. நாம் மூச்சு வாங்கும்போது காற்று முழுதும் ஒரே வழியாய் உட்செல்லுகின்றது. நாய் மோந்து பார்க்கும்போதோ, உட்புகும் காற்று இரண்டாகப் பிரிந்து, பெரும்பகுதி நுரையீரலுக்கும், ஒரு பகுதி மூக்கின் பின்புறத்தேயுள்ள மணமறியும் அறைக்கும் செல்லுகின்றது. வெளிவிடும் காற்று மூக்கின் இரு பக்கத்துமுள்ள பிளவுகளின் வழியே பின்னோக்கிச் செல்வதால், எதிரேயுள்ள நாற்றத்தை அது கலைப்பதில்லை. நொடிக்கு ஐந்து முறை அளவில் இவ்வாறு இழுத்தும் விட்டும் மோக்கும் ஆற்றல் நாய்க்கு உண்டு.

நாய் ஒரு சுவட்டைக் கண்டபின், அது போன திசை எது, வந்த திசை எது என்பதையும் அறியுமோ? 1993-இல் நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர் சிலர் பழக்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வைத்து இதனைச் சோதித்தனர். ஒருவர் நடந்துசென்று ஏறக்குறைய இருபது நிமிடம் கழிந்தபின், அச்சுவட்டின் குறுக்கே நாயை விட்டார்கள். அந்நாய் இரண்டு முதல் ஐந்து அடிச்சுவடுகளை மோந்து, சில நொடிகளிலேயே நடந்தவர் சென்ற திசையைத் தெரிந்துகொண்டது. அடுத்தடுத்த சுவடுகளுக்கிடையே கழிந்த காலம் ஒரு நொடி அளவே. அதனாலாகும் வேறுபாட்டையும் அம்மூக்கு அளக்கின்றது என்று எண்ண இடமுண்டு.

அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர் நாயினங்களின் இயல்பை நெடுங்காலம் ஆராய்ந்து 1965-இல் நூல் வெளியிட்டனர். அவர்கள் ஒரு ஏக்கர் நிலத்தில் சுண்டெலி ஒன்றை விட்டு, நாய்களைக் கொண்டு தேடச்செய்தனர். ஃபாக்ஸ் டெரியர் இனத்து நாய்கள் அதனைக் கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம் ஆயின; ஸ்காட்டிஷ் டெரியர் கண்டுபிடிக்கவே இல்லை. பீகிள்களோ ஒரு நிமிட அளவில் கண்டுபிடித்துவிட்டன.

தமிழ் பயில்வார்க்கு ஈண்டு ஒரு நினைவு எழக்கூடும். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையாற் பகுக்குங்கால், மூக்கறிவை மூன்றாவதாகவும், கண்ணறிவை நான்காவதாகவும், செவியறிவை ஐந்தாவதாகவும் அடுக்கினார். மனிதர்க்கு அம்முறை பொருத்தமே. பீகிளை எழுதச் சொன்னால் மூக்கை முடிவில் வைத்து, கண்ணையும் செவியையும் அதற்கு ஏவலாக்கி எழுதும். மேலும், நாற்றம் என்னும் சொல் முற்காலத்தில் நன்மணத்திற்கும் பொதுவாய் வழங்கி, இக்காலத்தில் தீநாற்றத்திற்கே உரியதாய்ச் சுருங்கிவிட்டது. பீகிளின் அகராதியில் இச்சுருக்கம் நிகழவில்லை. செத்த எலியின் நாற்றமும் வெண்ணெயின் மணமும் அதற்கு ஒருங்கே சுவைமிக்க செய்திகளாம்.

இனி வீட்டிற்கு வருவோம். பீகிளை வளர்ப்போர் முதலிற் கூறும் குறை, அது கூப்பிட்டால் வருவதில்லை என்பது. வீட்டுக்குள் பெயர்சொல்லி அழைத்தால் வாலாட்டி ஓடிவருகின்ற நாய், வெளியிலே கயிற்றை அவிழ்த்துவிட்டால் நிலத்தில் மூக்கை ஊன்றிக்கொண்டு, நூறு முறை அழைப்பினும் தலை நிமிராது போய்விடுகின்றது. இதனைத் திமிர் என்பாரும், மூடத்தனம் என்பாரும் உளர். கனடா தேசத்து உளநூலறிஞர் ஸ்டான்லி கோரன் 1994-இல் வெளியிட்ட நூலில் நாயினங்களை 79 படிகளாக நிறுத்தி, பீகிளுக்கு 72-ஆம் படியைத் தந்தார். இந்த எண்ணைக் கூறிச் சிரிப்பவர் பலர். ஆனால் அவ்வரிசை, கீழ்ப்படிதற் போட்டிகளின் நடுவர்களைக் கேட்டு அமைத்தது. மனிதன் ஏவலை எத்துணை விரைவிற் கற்று நிறைவேற்றுகின்றது என்பதையே அளந்தது. பிறவியிலமைந்த தொழிலறிவு வேறு என்பதை அவ்வாசிரியரே எடுத்துரைத்துள்ளார். ஆட்டுமந்தை மேய்க்கும் நாய், இடையனுடைய சீழ்க்கைக்குத் திரும்பவேண்டும் என்று வளர்க்கப்பட்டது. ஆகவே அது முதற்படியில் நிற்கின்றது. திரும்பிப் பாராதே என்று பல தலைமுறை கற்பித்துவிட்டு, திரும்பிப் பார்க்கவில்லையே என்று பீகிளைக் குறைகூறுவது எங்ஙனம் நேரிதாகும்? நாய்வாலை நிமிர்த்த முடியாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பீகிளின் வால் பிறவியிலேயே நிமிர்ந்திருக்கின்றது. வளைக்க முடியாதது அதன் மூக்கே.

ஆயினும், குணத்தின் காரணம் விளங்கிவிட்டமையால் ஆபத்து நீங்கிவிடாது. முயலின் நாற்றத்தைப் பற்றிச் செல்லும் பீகிள், இடையே பெருஞ்சாலை உண்டா என்று பார்ப்பதில்லை. வண்டியில் அடிபட்டு இறப்பதும் உண்டு. இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் ஆடுமேயும் வெளிகள் மிகுதி. ஆடுமாடுகளை நாய் துரத்தித் துன்புறுத்தினால் உடையவனைத் தண்டிக்க 1953-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. மந்தையைக் காக்க வேறு வழியில்லாத இடத்தில் உழவன் அந்நாயைச் சுட்டாலும் சட்டம் அவனைப் பெரும்பாலும் பொறுக்கின்றது. ஆகவே அனுபவமுடையார் பீகிளை வேலியில்லாத வெளியில் அவிழ்த்துவிடுவதில்லை. கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றிய வார்ப்பட்டை பூட்டி, பத்து மீட்டர் நீளமுள்ள கயிற்றைப் பிணைத்து, நாய் மோந்து திரிவதற்கு இடங்கொடுத்துக் கயிற்றின் முனையைத் தாம் பற்றிக்கொள்வர். கழுத்திற் கயிறு கட்டினால், திடீரென்று அது இழுக்கும்போது தொண்டைக்குத் தீங்காம். தோட்டத்து வேலி உயர்ந்திருத்தல் மட்டும் போதாது. அடியிலும் உறுதியாய் இருத்தல் வேண்டும். தாண்ட இயலாத வேலியின் கீழே பீகிள் தோண்டும்.

நாய் காணாமற்போனால் ஊரெல்லாம் ஓடிக் கூவுவதினும், அது பிரிந்துபோன இடத்தில் ஒருவர் நிற்பதும், நிற்க இயலாதெனின் தாம் உடுத்திய சட்டை ஒன்றை அங்கே விட்டுவருவதும் நலம் என்பர். தன் சுவட்டையே பின்பற்றித் திரும்பிவரும் பீகிள், அச்சட்டையின்மேற் படுத்துக்கொண்டிருப்பதைக் கண்டு எடுத்துவந்தவர் உளர். செவிக்கு எட்டாத அழைப்பு மூக்குக்கு எட்டிவிடுகின்றது.

அடுத்த குறை குரலைப் பற்றியது. பீகிளுக்குக் குரைத்தல், ஊளையிடுதல் என்பவற்றோடு, வேட்டைக் கூவல் என்று யாம் பெயரிடக்கூடிய மூன்றாவது குரலும் உண்டு. நீண்டு, தாழ்ந்து தொடங்கி எழும்பும் அவ்வோசை வயல்வெளியில் இனிமையாகவே இருக்கும். அடுக்குமாடி வீட்டில், விடியற்காலத்தில், அடுத்த வீட்டு வாசலிற் பால் வைக்க வந்தவனைக் கண்டு அது எழும்போது, கேட்போர் இனிமையென்று கூறார். இதனை அடக்க எண்ணி வீட்டுத் தலைவர் தாமும் உரக்கக் கத்துவாராயின், தலைவரும் கூட்டத்தில் சேர்ந்து கூவுகின்றார் என்றே நாய் களிக்கும். அமைதியாயிருந்த கணத்தில் சிறு உணவு கொடுத்து அமைதியைப் பழக்குவதே வழி. அவ்வாறு பழக்கினும் அறவே நின்றுவிடாது.

குரல் மிகுவதற்குப் பெருங்காரணம் தனிமை. சோடி சோடியாய் எண்ணப்பட்ட நாய் என்று முன்னர்க் கூறினோம். கூட்டத்தில் உண்டு, கூட்டத்தில் உறங்கி, கூட்டத்தில் ஓடிய குலத்து நாயை, காலை எட்டுமணிக்குப் பூட்டிவிட்டு மாலை ஆறுமணிக்குத் திறக்கும் வீட்டில் விட்டால், அது அழும், கதவைப் பிறாண்டும், மெத்தையைக் கிழிக்கும். அதன் அறிவுக்கு எட்டியவரை, கூட்டம் தன்னைக் கைவிட்டுப் போய்விட்டது. இதனைப் பழிவாங்குதல் என்று கருதி, வீடு திரும்பியதும் அடிப்பவர் நாய்க்குக் கற்பிப்பது ஒன்றே: கூட்டம் திரும்பிவருவதும் அச்சத்திற்குரியது. குட்டிப்பருவத்திலிருந்தே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் எனச் சிறிது சிறிதாகத் தனிமையைப் பழக்குதல் வேண்டும். வீட்டில் முதியோர் எவரேனும் இருப்பராயின் மிக நன்று. எம் கருத்தில், பகல் முழுதும் ஆளில்லாத வீட்டிற்குப் பீகிள் ஏற்றதன்று. சென்னையிலும் பெங்களூரிலும் இப்பொழுது பலர், நாய் சிறிதாயிருக்கின்றது, சிறு வீட்டிற்குப் போதும் என்று கருதிப் பீகிள் குட்டியை வாங்குகின்றனர். உடலின் அளவு பார்க்கின்றனர். நாயின் ஒரு நாள் எத்துணை நீண்டது என்பதைப் பார்க்கின்றிலர். ஓராண்டு கழித்து அக்குட்டி வளர்ந்து கூவத் தொடங்கியபின், வேறு வீடு தேடி அதனை ஒப்படைக்க அலைவோரும் அவர்களுள் உளர்.

வயிற்றைப் பற்றியும் கூறவேண்டும். மூக்கு நல்லதாயின் வயிறு ஓய்வறியாது. மேசையின் விளிம்பு, பையின் உட்புறம், குப்பைக்கூடை ஆகிய எவையும் பீகிளுக்கு மறைவிடங்கள் அல்ல. உணவைக் கேட்டபோதெல்லாம் கொடுத்தால், சின்னாளில் உருண்டு பருத்து, முதுகெலும்பும் மூட்டும் நோவெடுக்கும். விலாவெலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும் என்பது நாயுடலைச் சோதிக்கும் எளிய வழி. வீட்டார் அனைவரும் ஒரே கணக்கு வைத்துக்கொள்ளுதல் முக்கியம். தந்தையார் அளந்து வைத்தபின், பாட்டியார் ஒருவருக்கும் தெரியாமல் அரை இட்டலி கொடுப்பாராயின் அளவை என்னாவது? நாயும் பாட்டியாரைக் காட்டிக்கொடாது. சாக்லேட், திராட்சை, வெங்காயம் என்பன நாய்க்கு நஞ்சு. இனிப்பூட்டிய சில மெல்லுபசைகளிற் சேரும் சைலிட்டால் என்பது கொடிய நஞ்சு. இவை எட்டாத இடத்தில் இருத்தல் போதாது, பூட்டிய இடத்தில் இருத்தல் வேண்டும்.

இவ்வளவு தொல்லைதரும் மூக்கும் வயிறும் ஓரிடத்தில் அரசாங்க உத்தியோகம் பெற்றன. அமெரிக்க விவசாய இலாகாவினர் 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பீகிள்களைப் பணிக்கு அமர்த்தினர். வெளிநாட்டிலிருந்து வருவோர் பெட்டிகளில் மறைந்துவரும் பழங்கள், இறைச்சி முதலியவற்றோடு பயிர்நோயும் கால்நடைநோயும் வருமாதலின், அவற்றை மோந்து கண்டுபிடித்தல் அவற்றின் வேலை. பெட்டியைக் கண்டால் குரைப்பதில்லை, கடிப்பதில்லை, அருகே உட்கார்ந்துவிடும். உடனே ஒரு தின்பண்டம் கிடைக்கும். பெருநாய்களைக் கண்டு அஞ்சும் பிரயாணிகள் இச்சிறு நாய்க்கு அஞ்சார் என்பதும் இதனைத் தேர்ந்தமைக்கு ஒரு காரணம். அப்பணிக்கு வந்த நாய்களுட் பல, கைவிடப்பட்ட நாய்களைக் காக்கும் இல்லங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது எமக்கு மிகவும் உவப்பான செய்தி. ஒரு வீட்டார் அடங்காது என்று தள்ளிய அதே மூக்கை மற்றொருவர் சம்பளமின்றி வேலைக்கு வைத்துக்கொண்டனர்.

குழந்தைகளோடு பழகுவதில் பீகிளுக்கு நிகரான நாய் சிலவே. கூட்டத்து நாய்களிடையே சண்டைக்காரனை வேட்டைக்காரர் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே சாந்தமும் அதன் குலத்தில் ஊறியது. இச்சாந்தமே அதற்குப் பெருந்துன்பமும் விளைத்தது. சிறிய உருவும், கூட்டமாய் வாழும் பழக்கமும், துன்புறுத்தினாலும் எளிதிற் கடியாத குணமும் உடைமையால், மருந்துச் சோதனைச் சாலைகளில் மிகுதியும் வைக்கப்பட்ட நாய் பீகிளே. 2022-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில், இத்தகைய சோதனைகளுக்காக நாய்களைப் பெருக்கிய ஒரு பண்ணையிலிருந்து ஏறக்குறைய 4,000 பீகிள்கள் விடுவிக்கப்பட்டுப் பற்பல ஊர்களில் வீடுகள் பெற்றன. அவற்றுட் பலவற்றிற்குப் புல்தரையும் மாடிப்படியும் புதியன. ஆயினும், புல்லின்மேல் விட்டவுடன் செய்யவேண்டியது யாது என்று எவரும் கற்பிக்கவேண்டியிருந்திலது. மூக்கு கீழே சென்றது.

ஆகவே, பீகிளோடு இனிது வாழ விரும்புவார், அதன் மூக்கோடு போரிடுவதை விட்டு, அதற்கு நாள்தோறும் வேலை கொடுத்தலே தக்கது. உலாவுதல் என்றால் நாம் நெடுந்தூரம் விரைந்து நடப்பதையே எண்ணுகின்றோம். பீகிளுக்கு ஒரு வேலிக்காலில் நான்கு நிமிடம் நின்று மோப்பதும் உலாவுதலே. அது அன்றைய செய்தித்தாளை வாசிக்கின்றது. கையைப் பிடித்து இழுத்தால் யாருக்குத்தான் கோபம் வாராது? டுராண்டன், ஹொரோவிட்ஸ் என்னும் இரு பெண் அறிஞர் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்குச் சான்று தருகின்றது. ஒரு சாரார் தம் நாய்களுக்கு இரண்டு வாரம் மோந்து தேடும் விளையாட்டையும், மற்றொரு சாரார் உடையவனை ஒட்டி நடக்கும் பயிற்சியையும் அளித்தனர். பின்னர், உள்ளே உணவு உண்டோ இல்லையோ என்று ஐயத்திற்கிடமான பாத்திரம் ஒன்றை எதிரே வைத்தபோது, மோந்து தேடிய நாய்கள் முன்னையினும் விரைந்து சென்று பார்த்தன; ஒட்டி நடந்தவற்றில் அம்மாற்றம் காணப்படவில்லை. நல்லதை எதிர்பார்க்கும் மனம் மூக்கின் வேலையால் வளர்ந்தது என்று அவர்கள் கருதினர்.

இதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. நாய்க்குரிய உணவிற் சிறிது எடுத்துப் பழந்துணியிற் சுருட்டிவைத்தோ, அறையின் மூலைகளில் ஒளித்துவைத்தோ, தேடு என்று விட்டால் போதும். பிள்ளைகள் இதனைக் கண்ணாமூச்சி போலவே விளையாடுவர். கால்மணி நேரம் இவ்வாறு தேடிய பீகிள் பின்னர் இரண்டு மணி நேரம் உறங்கும். இவ்வுறக்கத்தை ஒரு மணி நேர ஓட்டத்தாலும் பெறுவது அரிது. செவி தொங்குவதால் காற்றோட்டமின்றி உள்ளே புண்படும். வாரமொருமுறை பார்த்துத் துடைத்தல் வேண்டும். மயிர் குட்டையாயினும் ஆண்டு முழுதும் உதிரும். நம் நாட்டு வெயிலில் நண்பகல் உலாவை விட்டு, தரை குளிர்ந்த காலையையும் மாலையையும் கொள்ளவேண்டும்.

பீகிள் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு உயிர்வாழும். பள்ளிச்சிறுவனுக்கென்று வாங்கிய குட்டி, அவன் கல்லூரி முடித்து வேறூருக்குப் போனபின்னும் தாய்தந்தையரிடம் இருக்கும். அப்பருவத்தில் கண் மங்கும், செவி தளரும். மூக்கு பெரும்பாலும் கடைசிவரை உதவும். ஆதலின் முதிய பீகிளின் படுக்கையையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இடம் மாற்றாதிருப்பதும், அருகே செல்லுமுன் கையை அதன் மூக்கின் எதிரே சற்றுநேரம் நீட்டிவைப்பதும் நன்று. விடுமுறைக்கு வந்த பையனை அதன் கண் அடையாளம் காணாது. அவன் செருப்பை வாசலிற் கழற்றும்போதே, உள்ளறையிற் படுத்திருக்கும் அதன் வால் தரையைத் தட்டத் தொடங்கிவிடும்.